பெண்ணுக்குப் பக்கத்தில் புலி எதற்கு?

கேள்வி, ஜனவரி 9

சமகாலக் கலை என்று எதைத் திறந்தாலும் ஒரு பெண், பக்கத்தில் ஓர் ஓநாய், இல்லாவிட்டால் புலி, இல்லாவிட்டால் கரடி. பெண்ணுக்குப் பாதி உடை, விலங்குக்கு முழு ரோமம். கீழே ‘அடங்காத பெண்மை’ என்று ஒரு வரி. வாசனைத் திரவிய விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

பாதி ஒத்துக்கொள்கிறேன். எந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. மூடுபனி, வெள்ளை கவுன், பழக்கிய கரடி, கரடியின் மூக்கில் பெண்ணின் கன்னம். இந்த வகைக்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். விலங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சோபாவைப் போட்டுப் பாருங்கள். பெண் அதே மாதிரி சாய்ந்திருக்க முடிந்தால், அது முதலிலிருந்தே சோபாதான்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள். சிற்பி கிகி ஸ்மித்தின் ஓநாய்களை அந்தக் கரடியோடு சேர்த்தால் சண்டைக்கு வருவேன்.

ஜனவரி 10

கிகி ஸ்மித்துக்கு முன்னால் ஒரு சொந்தக் கதை.

நான் படம் வரைந்து பிழைக்கிறவள். ஒரு முறை அட்டைப்படம் ஒன்று கேட்டார்கள், பெண்ணும் புலியும். ‘புலி கம்பீரமாக இருக்கட்டும், பயமுறுத்த வேண்டாம். பெண் தைரியமாக இருக்கட்டும், ஆனால் மென்மை போகக் கூடாது’ என்பது குறிப்பு. சரி என்று புலியிலிருந்து ஆரம்பித்தேன். புலி வரைவதில் ஒரு சுகம் இருக்கிறது. காதுக்குப் பின்பக்கம் கறுப்பு, அதன் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. முகத்தின் இடதுபக்க வரியும் வலதுபக்க வரியும் ஒத்துப்போகாது, கண்ணாடி பிம்பம் போல வரைந்தால் பொம்மையாகிவிடும். அப்புறம் கண். வீட்டுப் பூனைக்கு வெளிச்சத்தில் கண்மணி செங்குத்துக் கோடாகச் சுருங்கும். புலிக்கு அப்படி இல்லை, வட்டமாகவே சிறுத்துப் புள்ளியாகும். வட்டமாகத்தான் வரைந்தேன்.

திருத்தம் வந்தது: ‘கண் கோடாக இருந்தால் இன்னும் காட்டுத்தனமாக இருக்குமே?’

காட்டுத்தனம் வேண்டுமாம், அதற்கு வீட்டுப் பூனையின் கண் வேண்டுமாம். மாற்றிக் கொடுத்தேன். வாடகை என்று ஒன்று இருக்கிறது. அடுத்த திருத்தம் பெண்ணின் முகத்துக்கு. புருவம் கொஞ்சம் நெரிந்திருந்தது, அதை நீவிவிடச் சொன்னார்கள். புலியின் வாயை மட்டும் இன்னும் கொஞ்சம் திறக்கலாமாம்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பெண்ணின் முகத்தில் கோபம் இருக்கக் கூடாது. ஆனால் படத்துக்குக் கோபம் தேவை. ஆகவே அவள் கோபத்தை எடுத்துப் புலியிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவள் பல்லை அது காட்டுகிறது. நீங்கள் கேட்ட ‘அடங்காத பெண்மை’ இந்தக் கைமாற்றுதான். பெண் அடங்கித்தான் இருக்கிறாள்.

ஜனவரி 12

இப்போது கிகி ஸ்மித். 1954இல் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 2001இல் ‘ராப்ச்சர்’ என்று ஒரு வெண்கலச் சிற்பம் செய்தார். ஓநாய் மல்லாந்து கிடக்கிறது, வயிறு திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து முழுதாக வளர்ந்த ஒரு பெண் வெளியே அடியெடுத்து வைக்கிறாள். அவ்வளவுதான் சிற்பம்.

சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாய் பாட்டியை விழுங்கும், சிறுமியையும் விழுங்கும். கிரிம் சகோதரர்கள் தந்த வடிவத்தில் வேட்டைக்காரன் ஒருவன் வந்து கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றை வெட்டி இருவரையும் வெளியே எடுப்பான். ஸ்மித் வேட்டைக்காரனைத் தூக்கிவிட்டார். கத்தரிக்கோலும் இல்லை. அவள் தானே வருகிறாள். முகத்தில் தப்பித்த களிப்பும் இல்லை, பயமும் இல்லை. குளித்துவிட்டு வெளியே வருகிற மாதிரி சாதாரணமாக நிற்கிறாள். ஓநாய் அவளைத் தின்றதா பெற்றதா என்பதைச் சிற்பம் சொல்லாமல் விடுகிறது.

அடுத்த ஆண்டு ‘பார்ன்’. ஒரு பெண் மான் நின்றுகொண்டிருக்கிறது, அதன் பின்னாலிருந்து ஒரு பெண் பிறக்கிறாள். குழந்தையல்ல, வளர்ந்தவள், ஏறக்குறைய மானின் அளவு. பார்த்தவுடன் சிரிப்பு வரும், அப்புறம் வராது. இதில் எங்கே சோபாவைப் போடுவீர்கள்?

ஆனால் நீங்கள் மடக்க வேண்டுமென்றால் ஒரு படம் இருக்கிறது, நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதே 2001இல் வரைந்த ‘லையிங் வித் த வுல்ஃப்’. சுருக்கம் விழுந்த பெரிய காகிதம், மையும் பென்சிலும். நிர்வாணப் பெண் படுத்திருக்கிறாள், ஓநாயை அணைத்திருக்கிறாள். வார்த்தையில் சொன்னால் உங்கள் விளம்பரமேதான். நேரில் பார்த்தால் வேறு. கோடுகள் மெலிந்தவை, பின்னணி காலி, உடலைப் பளபளப்பாக்க ஒரு முயற்சியும் இல்லை. பார்க்கிற ஆளுக்காக இரண்டு பேரில் யாரும் போஸ் கொடுக்கவில்லை.

1999இல் அவர் செய்த அச்சுப்படம் ஒன்றில் சிறுமியின் முகம் முழுக்க ரோமம் முளைத்திருக்கும். என் கைமாற்றுக் கணக்குக்கு நேர் எதிர் இது. ஓநாயைப் பக்கத்தில் நிறுத்தாமல் அவள் முகத்திலேயே வைத்துவிட்டார்.

ஜனவரி 13

‘அப்படியானால் பெண்ணுக்கு விலங்கு முகமூடி மாட்டினால் கலை ஆகிவிடுமா?’ என்று கேலி செய்தவருக்கு: ஆகியிருக்கிறதே. கொரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர்கள் குழு, 1985 முதல் நியூயார்க்கில் அதைத்தான் செய்கிறார்கள். பொது இடத்தில் கொரில்லா முகமூடியோடுதான் வருவார்கள், சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 1989இல் அவர்கள் போட்ட சுவரொட்டி, மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களில் இருப்பவர்களில் 85 சதவீதம் பெண்கள் என்று எண்ணிச் சொன்னது. பக்கத்தில் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1814இல் வரைந்த நிர்வாண அழகி, முதுகைக் காட்டிப் படுத்தபடி. உடல் அப்படியே. தலை மட்டும் கொரில்லா, பல்லைக் காட்டிக்கொண்டு.

கவனியுங்கள், சோபாவும் இருக்கிறது.

ஜனவரி 17

பாம்பு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பாம்பு தனிக் கேஸ்.

1981இல் ரிச்சர்ட் அவெடன் எடுத்த புகைப்படம் எல்லோருக்கும் தெரியும். நடிகை நஸ்டாசியா கின்ஸ்கி தரையில் நிர்வாணமாகப் படுத்திருக்க, பெரிய பாம்பு ஒன்று உடல் நீளத்துக்கும் சுற்றி ஊர்ந்து, நாக்கு காதருகே. சுவரொட்டியாகி உலகம் முழுக்க விற்றது. அழகான படம், மறுக்கவில்லை. பாம்பு அதில் நகை.

அதற்கு 18 ஆண்டுகள் முன்னால், 1963இல், அமெரிக்கக் கலைஞர் கரோலீ ஷ்னீமன் ‘ஐ பாடி’ (‘ஐ’ என்றால் இங்கே கண்) என்று ஒரு தொடர் செய்தார். தன் ஸ்டுடியோவில் தன் உடம்பிலேயே வண்ணமும் களிம்பும் பூசிக்கொண்டு, வயிற்றிலும் மார்பிலும் இரண்டு பாம்புகளை ஊர விட்டு எடுத்த படங்கள். அதே கச்சாப் பொருள்கள்தான்: பெண், நிர்வாணம், பாம்பு. ஆனால் அங்கே படுத்திருப்பவள்தான் படத்தையும் செய்கிறாள். தூரிகையும் அவளுடையது, மேற்பரப்பும் அவளுடையது. அன்றைய கலை உலகத்துக்கு அது பிடிக்கவில்லை. பெண் மாடலாக இருக்கலாம், ஓவியராகவும் இருக்கலாம், ஒரே நேரத்தில் ஒரே ஆளாக இரண்டும் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

மூன்றாவது நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச், ‘டிராகன் ஹெட்ஸ்’, 1990களின் தொடக்கம். அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். சுற்றி வட்டமாகப் பனிக்கட்டிப் பாளங்கள். தலையிலும் தோளிலும் உயிருள்ள மலைப்பாம்புகள். பனிக்கட்டிக்கு ஒரு காரணம் உண்டு. பாம்பு தன் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. குளிர்ந்த வளையத்தைத் தாண்டிப் போக அதற்கு மனசு வராது, நடுவிலிருக்கும் ஒரே வெதுவெதுப்பான இடம் அவர் உடல். மலைப்பாம்புகளுக்கு உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன. அவர் முகத்தின் மேல் அவை எந்த வழியில் போகின்றன என்பதை அவர் தீர்மானிக்கவில்லை, பார்ப்பவரும் தீர்மானிக்கவில்லை. கழுத்தை இறுக்கினால் என்ன செய்வது என்ற கேள்வி அறை முழுக்க உட்கார்ந்திருக்கும். விலங்குக்கு இங்கே சொந்த வேலை இருக்கிறது. அழகு காட்டுவது அதன் வேலையல்ல.

ஜனவரி 18

மேலே எழுதியதை இரவு முழுக்க யோசித்தேன். பாம்புக்குச் சொந்த வேலை என்றேனே, அந்த வேலையை யார் கொடுத்தது? பனிக்கட்டி வளையம் என்பது வேலிதானே. குளிருக்குப் பயந்து நகராமலிருப்பதை ‘பாம்பின் தேர்வு’ என்று சொல்வது கொஞ்சம் வசதியான பேச்சு. அப்ரமோவிச் தன் கழுத்தைப் பணயம் வைத்தார், அது மரியாதைக்குரியது. பாம்பு எதைப் பணயம் வைத்தது, எதற்காக வைத்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இன்றைக்குக் கேட்கிறார்கள். 2017இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் சீனக் கலைக் கண்காட்சிக்கு முன்னால் பெரிய எதிர்ப்பு கிளம்பி, விலங்குகள் சம்பந்தப்பட்ட மூன்று படைப்புகளை எடுத்தார்கள். அதில் ஒன்று, ஊர்வனவும் பூச்சிகளும் ஒன்றையொன்று தின்னும்படி ஹுவாங் யோங் பிங் அமைத்த கூண்டு. கடைசியில் கூண்டை மட்டும் காலியாக வைத்தார்கள். காலிக் கூண்டு அசலைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். எடுக்கப்பட்ட இன்னொன்று, ஒருவரையொருவர் நெருங்க முடியாமல் ஓடுபொறியில் (டிரெட்மில்) ஓடும் நாய்களின் காணொளி. அதைச் செய்த இருவரில் பெங் யூ பெண். பெண் செய்தால் விலங்கு பத்திரம் என்று யாராவது கிளம்பினால் இதை நினைவில் வையுங்கள்.

பனிமூட்டக் கரடிக்கும் இதுதான். சோபாச் சோதனையில் அது தோற்பது ஒரு பக்கம். ஒரு கரடியை அந்த அளவுக்கு அமைதியாக உட்காரப் பழக்க என்னவெல்லாம் நடந்திருக்கும் என்பது இன்னொரு பக்கம். கரடியின் முகத்தில் உள்ளே நடப்பது சுலபத்தில் தெரியாது. நமக்குத் தோன்றும் ‘பாசம்’ பெரும்பாலும் நாம் போட்டுக்கொள்வது.

ஜனவரி 19

‘நமக்கு இது புதுசா? துர்க்கைக்குச் சிங்கம், கொற்றவைக்குக் கலைமான். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பெண்ணும் காட்டு விலங்கும்தான்’ என்கிறார் ஒருவர். உண்மை. மாமல்லபுரத்து மகிஷாசுரமர்த்தினிப் புடைப்புச் சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம் வெறுமனே சுமக்கவில்லை, அதுவும் சண்டைக்குள் இருக்கிறது. தேவியின் வில்லும் சிங்கத்தின் பாய்ச்சலும் ஒரே திசை. அங்கே கைமாற்று இல்லை, இருவருமே சண்டை போடுகிறார்கள். சோபாச் சோதனையில் அது ஜம்மென்று தேறிவிடும்.

ஆனாலும் வாகனம் வாகனம்தான். மேலே இருப்பவள் யார், கீழே இருப்பது யார் என்பது தெளிவு. சமகாலத்தில் இதைக் குலைத்துப் பார்த்தவர் வாங்கேச்சி முட்டு, 1972இல் நைரோபியில் பிறந்தவர். 2020இல் ‘குரோகோடைலஸ்’ என்று ஒரு வெண்கலம். முதலையின் மேல் ஒரு பெண். சவாரி என்று முதலில் தோன்றும். கிட்டே போனால் அவள் தோலும் அதன் தோலும் ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருக்கின்றன. எது முதுகு, எது தொடை என்று பிரிக்கிற இடத்தில் கண் சறுக்குகிறது. 2021இல் அவர் படைப்புகளை சான் ஃபிரான்சிஸ்கோவின் லீஜியன் ஆஃப் ஆனர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் சிற்பங்களுக்கு நடுவில் வைத்தார்கள். முற்றத்தில் ரொடானின் ‘சிந்தனையாளர்’ சிலை இன்னும் கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 24

‘ஆண்களும் விலங்குகளோடு செய்திருக்கிறார்களே, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை?’

திறக்கிறேன். 1974இல் ஜெர்மன் கலைஞர் யோசப் பாய்ஸ் நியூயார்க் காட்சிக்கூடம் ஒன்றில் கோயோட்டே (வட அமெரிக்கக் காட்டு நாய் வகை) ஒன்றோடு மூன்று நாள் இருந்தார். விமான நிலையத்திலிருந்து கம்பளியில் சுற்றி ஆம்புலன்சில் வந்தார். தினமும் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 50 பிரதி போடுவார்கள், கோயோட்டே அதன் மேல் சிறுநீர் கழிக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த படைப்பு, அந்தச் சிறுநீரும் சேர்த்து. ஆனால் அதை யாரும் ‘பாய்ஸின் அடங்காத ஆண்மை’ என்று எழுதவில்லை. அமெரிக்கா பற்றி, முதலாளித்துவம் பற்றி, பூர்வகுடிகள் மேல் நடந்த வன்முறை பற்றி எழுதினார்கள். ஆண் விலங்கோடு இருந்தால் வரலாறு, பெண் இருந்தால் இயல்பு. இதை யாராவது மறுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 25

நேற்று எழுதியது கொஞ்சம் சூடு. அதை ஒட்டியே ஒரு யோசனை: பெண்ணைப் படத்துக்குள் வைத்தால்தானே இந்த ‘இயல்பு’ப் பேச்சு? வைக்காமல் விட்டால்?

சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் ‘மாமன்’ (நம் மாமன் இல்லை, பிரெஞ்சில் அம்மா). 1999இல் செய்த எஃகுச் சிலந்தி, 9 மீட்டருக்கு மேல் உயரம், வயிற்றுக்கடியில் சல்லடைப் பை, அதில் பளிங்கு முட்டைகள். சிலந்தி காட்டு விலங்கா என்று சண்டைக்கு வராதீர்கள், நம் வீட்டுக்குள் இருந்தாலும் நமக்குக் கட்டுப்படாதது அது. பூர்ஷ்வாவின் அம்மா பழைய திரைச்சீலைச் சித்திரங்களைப் பழுதுபார்த்துத் தைப்பவர், 1932இல் இறந்துவிட்டார். நெய்கிறவள், கிழிந்தால் திரும்பவும் நெய்கிறவள் என்று மகள் சிலந்தியைக் காட்டினார். கால்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இது காக்கிறதா, பிடிக்க வருகிறதா என்ற குழப்பம் வரும். அம்மா பற்றிய படைப்பில் அம்மாவின் முகம் ஓரிடத்திலும் இல்லை. புருவத்தை நீவிவிடு என்று யாரும் சொல்ல முடியாது.

பாரதி கேர் 2006இல் செய்த யானை இன்னொரு வழி. ஃபைபர் கிளாஸ், உயிரளவு, தரையில் சரிந்து கிடக்கிறது. சாகிறதா, ஓய்வெடுக்கிறதா தெரியாது. உடம்பு முழுக்க வெள்ளை ஸ்டிக்கர் பொட்டுகள், விந்தணு வடிவத்தில் நெளிந்து நெளிந்து. தூரத்திலிருந்து தோலின் சுருக்கம் போலிருக்கும், கிட்டே வந்தால் பொட்டு. பெண் இல்லை, நெற்றி இல்லை, நெற்றியில் இருக்க வேண்டியது மட்டும் கணக்கில்லாமல். 2010இல் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டுக்குப் போனது. விலையைச் சொன்னால்தான் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள், அதனால் சொன்னேன். எனக்கு அதைவிடப் பிடித்தது அவரே 2004 வாக்கில் செய்த கலப்பு உருவங்கள். பாதி பெண், பாதி விலங்கு, கையில் வீட்டு வேலைச் சாமான். காட்டிலிருந்து வந்தவளையும் வீடு பெருக்க விட்டுவிட்டார்கள்.

பிப்ரவரி 2

முன்னோடி யார் என்று கேட்டவருக்கு: ஓவியர் லியோனோரா காரிங்டன், சந்தேகமே இல்லை. 1937–38 வாக்கில் வரைந்த தன்னுருவப் படம், மெட்ரோபாலிடனில் இருக்கிறது. காரிங்டன் நாற்காலி நுனியில், சிங்கப்பிடரி போன்ற தலைமுடி, கை முன்னால் நீண்டிருக்கிறது. எதிரே ஒரு பெண் கழுதைப்புலி, பால் கட்டிய முலைகளோடு. இருவர் நிற்கும் விதமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கிறது, இருவரும் நம்மையே பார்க்கிறார்கள். முறைக்கிறார்கள் என்றே சொல்லலாம். புள்ளிக் கழுதைப்புலிகளில் பெண்தான் பெரியது, கூட்டத்தில் அதிகாரமும் பெண்ணுக்குத்தான்.

அவரே எழுதிய சிறுகதை ஒன்றில் விருந்துக்குப் போகப் பிடிக்காத பெண் தனக்குப் பதிலாகக் கழுதைப்புலியை அனுப்புவாள். அது வேலைக்காரியைக் கொன்று அவள் முகத்தை மாட்டிக்கொண்டு போகும். என் கைமாற்றுக் கொள்கைக்கு இது உதவுகிறதா உதைக்கிறதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கோபத்தை விலங்கிடம் கொடுத்தவள் இங்கே அந்தப் பெண்ணேதான். ஆகவே யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. சுத்தபத்தமான கழுதைப்புலி அல்ல அது, வேலைக்காரி செத்ததும் மறக்கக் கூடியதல்ல. கோபம் கீழே இருப்பவள் தலையில் விழுந்தது.

பிப்ரவரி 2, கொஞ்ச நேரம் கழித்து

இல்லை, பறக்கும் திமிங்கிலத்தை நான் மறக்கவில்லை. ஆஸ்திரேலியக் கலைஞர் பட்ரீசியா பிச்சினினி, கான்பெரா நகரத்தின் நூற்றாண்டுக்காக 2013இல் செய்த வெப்பக்காற்று பலூன். ஆமை மாதிரி முகம், திமிங்கில உடம்பு, பக்கத்துக்கு ஐந்தாகத் தொங்கும் பிரம்மாண்ட முலைகள். ஊரே ரெண்டுபட்டது. பின்னால் அப்பா திமிங்கிலம் ஒன்றும் செய்தார், குட்டிகளைத் தூக்கிக்கொண்டு பறக்கும். அதற்கு யாரும் அவ்வளவு கோபப்படவில்லை.

பிப்ரவரி 6

இழை நீண்டுவிட்டது, ஆனால் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. ஜோதையா பாய் பைகா. மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டம், பாந்தவ்கர் புலிக் காடு இருக்கிற மாவட்டம். விறகு விற்றும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர், எழுபதை நெருங்கும்போதுதான் தூரிகையை எடுத்தார். 2023இல் பத்மஸ்ரீ, 2024 டிசம்பரில் இறந்தார். அவர் அடிக்கடி வரைந்தது பாகேஸ்வர் என்ற புலித் தெய்வம், காட்டு மரங்கள், மற்ற விலங்குகள்.

அவர் புலியைப் பாருங்கள். உடற்கூறு சரியில்லை, தேவையும் இல்லை. உடம்பு முழுக்கப் புள்ளியும் கோடும் நிரம்பியிருக்கும், மரத்துக்கும் அதே புள்ளி. அவர் புலிகள் முழங்கவில்லை, பல்லைக் காட்டவில்லை, யாருக்கும் சாய்ந்துகொள்ள இடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் பெண்ணை வைத்து ‘நான் பயப்படவில்லை’ என்று காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. புலி இருக்கிற காட்டில் விறகு பொறுக்கியவருக்குப் பயம் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று தெரியும்.

‘அது பழங்குடிக் கலை, சமகாலக் கலை இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2024 வரை நம்மோடு இருந்தவர் சமகாலம் இல்லையென்றால் வேறு எந்தக் காலம்? அந்தப் பிரிவினையைப் போட்டது காட்சிக்கூடங்கள். அதற்குத் தனி இழை ஆரம்பியுங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.